ஒரு வார்த்தை கேட்டார்களா

எங்கள் ஊரில் ஸ்டேட் என்றால் அது ஒன்றே ஒன்றுதான். "அவரு ஸ்டேட்ல வேலை பாத்தவரு" என்றால் புதுக்கோட்டைச் சமஸ்தானத்தில் உத்தியோகம் பார்த்தவர். "ஸ்டேட் காலத்துல" என்றால் நாற்பத்தெட்டாம் வருஷத்துக்கு முன்னால், மகாராஜா ஆட்சியில் இருந்தபோது. உலகத்தில் வேறு ஸ்டேட்டுகளும் இருக்கலாம் என்று நாங்கள் யோசித்ததில்லை. யோசிக்காததற்கு எனக்குக் கல்லூரியில் தண்டனை கிடைத்தது.

அப்பா ஸ்டேட்டில் ரெவின்யூ ஆபீஸ் குமாஸ்தா. நாற்பத்தெட்டு மார்ச் மாதம் டில்லி சர்க்கார் சமஸ்தானத்தைச் சென்னை மாகாணத்தோடு சேர்த்துவிட்டது. எனக்கு அப்போது பத்து வயது. சேர்த்ததற்கு 'மெர்ஜர்' என்று பெயர். இங்கிலீஷில் நான் முதன்முதலாகக் கற்ற கனமான சொல் அதுதான். சாயங்காலம் ஸ்டேட் உத்தியோகஸ்தராக வீட்டுக்கு வந்த அப்பா, மறுநாள் காலை திருச்சி ஜில்லாவின் கடைசி வரிசைக் குமாஸ்தாவாக ஆபீஸுக்குப் போனார். மேசை அதேதான், நாற்காலி அதேதான், பக்கத்தில் உட்கார்ந்து பொடி போடுகிறவரும் அவரேதான். ஆனால் அன்றையிலிருந்து அப்பாவுக்கு ஒரு வாசகம் வந்து சேர்ந்தது.

"ஒரு வார்த்தை கேட்டானா?"

குழம்பில் உப்புக் கூடினாலும், பஸ் லேட்டானாலும், திருச்சி கலெக்டர் ஆபீஸிலிருந்து புது உத்தரவு வந்தாலும் பேச்சு கடைசியில் அங்கேதான் போய் நிற்கும். "எத்தனை தலைமொறையா இருந்த ஸ்டேட்டு. சேக்குறியா, சேத்துக்க. வேண்டாங்கலை. இங்க இருக்கிற சனத்தை ஒரு வார்த்தை கேட்டானா?" யார் கேட்டிருக்க வேண்டும், யாரைக் கேட்டிருக்க வேண்டும் என்பதெல்லாம் தெளிவாக இருக்காது. கேட்டிருந்தால் ஊர் எப்படியெல்லாம் இருந்திருக்கும் என்பது மட்டும் மிகத் தெளிவாக இருக்கும். அம்மா அடுப்படியிலிருந்தபடியே அதை முடித்து வைப்பாள். "அத்தைக்கு மீசை மொளச்சா சித்தப்பா. எலை போட்டாச்சு, வாங்க."

என்னைக் கல்லூரிக்கு அனுப்பியதை அப்பாவின் முற்போக்கு என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். கல்லூரி வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில் இருந்தது. அதைக் கட்டியது ஸ்டேட். அதில் தன் பிள்ளையைச் சேர்க்காவிட்டால் மகாராஜாவுக்குச் செய்கிற துரோகம் என்பது அவர் எண்ணம். பையன் இருந்திருந்தால் பையனை அனுப்பியிருப்பார். நான் ஒரே பெண். இருந்ததை அனுப்பினார்.

பி.ஏ. சரித்திர வகுப்பில் நாங்கள் மூன்று பெண்கள். மணி அடித்ததும் நாங்களாக வகுப்புக்குப் போய்விட முடியாது. பெண்கள் அறையில் காத்திருக்க வேண்டும். விரிவுரையாளர் அந்த வழியாக வரும்போது அவருக்குப் பின்னால் வரிசையாக நடந்து உள்ளே போய், ஓரமாகப் போட்ட முதல் பெஞ்சில் உட்கார வேண்டும். பாடம் முடிந்ததும் அவருக்குப் பின்னாலேயே வெளியே வந்துவிட வேண்டும். கோழிக்குப் பின்னால் குஞ்சு போவதுபோல, இன்டர்மீடியட்டையும் சேர்த்து நாலு வருஷம் போனேன். சுதந்திரம், சமத்துவம் என்ற சொற்களை எல்லாம் அந்த வரிசையில் போய்த்தான் கேட்டுவிட்டு வந்தேன்.

அமெரிக்காவின் சரித்திரமும் அதன் அரசியல் சட்டமும் ஒரு தனிப் பாடம். சர்வகலாசாலை அதைப் பாடத்திட்டத்தில் வைத்திருந்தது. எடுத்தவர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், சின்ன வயசு, ஊருக்குப் புதிது. அவரும் அமெரிக்காவைப் பார்த்ததில்லை. ஆனால் தேயிலை வரியைப் பற்றிச் சொல்லும்போது இங்கிலாந்து ராஜா இவர் வீட்டு வாசலில் வந்து நின்று வரி கேட்டதுபோலக் கோபம் வரும். சாக்பீஸ் ஒடியும். பதின்மூன்று ஸ்டேட்டுகள் சேர்ந்து யூனியன் ஆன கதையை அவர் இரண்டு வாரம் இங்கிலீஷில் சொன்னார். நாங்களும் தலையை ஆட்டி ஆட்டி எழுதிக்கொண்டோம்.

பிறகு ஒரு டெஸ்ட் வைத்தார். திருத்திய தாள்களோடு வந்தவர் முகத்தில் சிரிப்பு. ஒரு தாளை எடுத்து, யாருடையது என்று சொல்லாமல் படித்தார். பதின்மூன்று ஸ்டேட்டுகளிலும் பதின்மூன்று ராஜாக்கள் ஆண்டார்கள், மெர்ஜருக்குப் பிறகு ராஜாக்களுக்குப் பென்ஷன் கொடுக்கப்பட்டது, ஸ்டேட்டுகள் பக்கத்திலுள்ள பெரிய ஜில்லாக்களோடு சேர்க்கப்பட்டன, உத்தியோகஸ்தர்கள் மாற்றப்பட்டார்கள். படித்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். தாள் என்னுடையது. நான் பெஞ்சின் விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வகுப்பில் வேறு யாரும் சிரிக்கவில்லை. அவருக்கு அது புரியவில்லை. இன்னொரு தாளை எடுத்தார், அதிலும் ராஜா. மூன்றாவதில் திவானும் இருந்தார். "யார் உங்களுக்கு இதைச் சொன்னது?" என்று இங்கிலீஷில் கேட்டார். பின் பெஞ்சிலிருந்து ஒரு குரல் தமிழில் வந்தது. "எங்க ஸ்டேட்டு அப்படித்தான் சார் போச்சு."

அன்றைக்குத்தான் அவர் எங்கள் ஊருக்கு வந்து சேர்ந்தார் என்று சொல்ல வேண்டும். நாற்காலியில் உட்கார்ந்தார். பிறகு எழுந்து கரும்பலகையில் 'மெர்ஜர்' என்று ஒரு பக்கம், 'யூனியன்' என்று ஒரு பக்கம் எழுதினார். முதன்முறையாக அவரும் தமிழில் பேசினார். "மெர்ஜர்ங்கறது எங்க ஊர்க் கூட்டாஞ்சோறு மாதிரி. வெந்த பிறகு கத்திரிக்காய் எது, முருங்கைக்காய் எதுன்னு தேட முடியாது. யூனியன்ங்கறது எலைச் சாப்பாடு. எல்லாம் ஒரே எலைதான், ஆனா அது அது அதனதன் எடத்துல இருக்கும்." அமெரிக்காவின் ஸ்டேட்டுகளுக்கு ராஜா கிடையாது. அவற்றை யாரும் கரைக்கவும் இல்லை. யூனியனின் அரசியல் சட்டத்தை எழுதி முடித்ததும் ஒவ்வொரு ஸ்டேட்டுக்கும் அனுப்பி, அங்குள்ள ஜனங்கள் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுத்து, அவர்கள் கூடி வாதாடி, சம்மதமா இல்லையா என்று ஓட்டுப் போட்டார்கள். இருப்பதிலேயே சின்ன ஸ்டேட் ரோட் ஐலண்ட். அது சம்மதமில்லை என்று சொல்லிவிட்டது. மற்றவர்கள் எல்லாரும் சேர்ந்து, ஜனாதிபதியையும் வைத்து, ஆட்சியை ஆரம்பித்த பிறகும் அது மட்டும் வெளியே நின்றது.

வீட்டுக்கு வந்து இதை அப்பாவிடம் சொன்னேன். பெருமைக்காகச் சொல்லவில்லை. அன்று காலை டெஸ்ட் தாளால் பட்ட அவமானத்தை எங்காவது இறக்கி வைக்க வேண்டியிருந்தது. ராஜாக்கள் பகுதியைக் கேட்டு அவர் சிரிக்கவே இல்லை. "ஸ்டேட்டுன்னா ராஜா இல்லாம எப்படி?" என்றார். ஆனால் ரோட் ஐலண்ட் வந்ததும் சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தவர் பாதியில் நின்றுவிட்டார்.

"அம்புட்டுச் சின்ன ஸ்டேட்டா? நம்ம அளவு இருக்குமா?"

"நம்மளைவிடக் கொஞ்சம் பெருசுப்பா. ஆனா அங்க அதுதான் கடைக்குட்டி."

"அதையும் கேட்டானா?"

"கேட்டாங்க."

"மாட்டேன்னு சொல்லிருச்சா?"

"சொல்லிருச்சு."

அப்பா ஒரு கையில் சட்டையோடு அம்மாவைத் தேடிக்கொண்டு அடுப்படிக்குப் போனார். "கேட்டியா? அமெரிக்காவுல கேட்டிருக்கான்."

அதிலிருந்து அப்பாவுக்கு அமெரிக்கா பக்கத்து ஊர் ஆகிவிட்டது. நான் வீட்டுக்குள் நுழைந்ததும், "இன்னைக்கு என்ன ஆச்சு?" என்பார், நேற்று நடந்த பஞ்சாயத்தை விசாரிப்பதுபோல. ரோட் ஐலண்ட் என்ற பெயர் அவர் வாயில் ரோட்டைலாண்டு ஆகி, பிறகு ரோட்டுத்தீவு ஆயிற்று. சாலை போட்ட தீவு என்றே அவர் கடைசிவரை நம்பியிருக்கக்கூடும். ஆபீஸிலும் போய்ச் சொல்லியிருக்கிறார். பொடி போடுகிற நண்பர் ஒரு நாள் வழியில் என்னை நிறுத்தி, "என்னம்மா, ஒங்க தீவு சேந்துருச்சா, இன்னும் மொறுக்கிக்கிட்டுத்தான் நிக்கிதா?" என்று கேட்டார்.

எங்கள் பெஞ்சில் இருந்த மற்ற இரண்டு பெண்களில் ஒருத்தி வாயே திறக்க மாட்டாள். ஒரு நாள் அவள் எழுந்து நின்றாள். பெண்கள் வகுப்பில் கேள்வி கேட்பது வழக்கமில்லை. விரிவுரையாளர் அவளுக்கு உடம்பு சரியில்லையோ என்று பார்த்தார். அவள் கேட்டது இவ்வளவுதான்: "சார், ஜனங்களைக் கேட்டாங்கன்னு சொன்னீங்க. பெண்களைக் கேட்டாங்களா?" பின்னால் கிசுகிசுத்துச் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. கேட்கவில்லை என்றார். பெரும்பாலும் சொத்துள்ள வெள்ளைக்கார ஆண்களைத்தான் கேட்டார்கள், அடிமைகளைக் கேட்கவில்லை, அந்த மண்ணில் முன்பிருந்தே வாழ்ந்த பூர்வகுடிகளையும் கேட்கவில்லை என்றார். "கேட்டாங்கன்னு யாராவது சொன்னா, யாரைன்னு ஒரு தடவை விசாரிச்சுக்கணும்" என்று சொல்லிவிட்டு அடுத்த தலைப்புக்குப் போனார். இதையும் வீட்டில் சொன்னேன். அப்பா, "அது வேற விஷயம்" என்றார். அவருக்குப் பிடிக்காத சரித்திரமெல்லாம் வேற விஷயம்தான்.

நான் கடைசி வருஷம் போனபோது, ஐப்பசி மழை விட்டிருந்த ஒரு நாள், வல்லத்திராக்கோட்டையிலிருந்து அத்தை வந்தாள். அப்பாவின் ஒரே தங்கை. நல்ல ஆகிருதி, அதைவிட நல்ல குரல். தெருமுனையில் வரும்போதே வீட்டுக்குத் தெரிந்துவிடும். அவள் வந்தால் எனக்குக் கொண்டாட்டம். அவித்த கடலையும் கருப்பட்டியும் மடியில் கட்டிக்கொண்டு வருவாள். என் தலையைப் பிடித்து இழுத்துப் பேன் பார்ப்பாள், பி.ஏ. படிக்கிற தலை என்றெல்லாம் பார்க்க மாட்டாள். தங்கையை அப்பா 'ஆத்தா' என்றுதான் கூப்பிடுவார். ஊரில் யாரிடமும் இறங்காத அவர் குரல் அந்த ஒரு சொல்லில் இறங்கும்.

அத்தைக்கு ஒரு மகன். எனக்கு முறைப்பையன். நான் பிறந்த அன்றைக்கே அத்தை வந்து தொட்டிலில் என் முகத்தைப் பார்த்து, "எம் மருமக" என்று சொல்லிவிட்டாளாம். அதற்குப் பெயர் உரிமை. உரிமை உள்ள இடத்தில் பெண் கேட்டு வருகிற வழக்கமே கிடையாது. நாள் குறிக்க வருவார்கள். கேட்டால்தான் அவமானம். 'என்னண்ணே, எம் பொருளை நான் எடுக்க உங்களைக் கேக்கணுமா?' என்று சண்டைக்கு வருவார்கள்.

நான் காபி டம்ளரோடு கூடத்துக்கு வந்தபோது அத்தை பேசிக்கொண்டிருந்தாள். "தை பொறந்ததும் வச்சுக்கிருவோம்ணே. எங்க வீட்டுல அவங்களும் சரின்னுட்டாங்க. கார்த்திகையில நல்ல நாளாப் பாத்து வந்து வெத்தலை பாக்கு மாத்திக்கிருவோம். காலேசும் போதும். எம் மருமக எம்புட்டுப் படிச்சாலும் எனக்குக் கஞ்சி ஊத்த வேண்டியவதானே?" என்று சொல்லி என் கன்னத்தை நிமிண்டினாள். அப்பா சிரித்துக்கொண்டே, "ஒன் உரிமை ஆத்தா, ஒன் இஷ்டம்" என்றார். அம்மா எந்தப் பட்டுப் புடவை என்று ஆரம்பித்தாள். அப்படியாக என் கல்யாணம் முடிவானதை, காலி டம்ளருக்காகக் காத்து நின்ற நேரத்தில் தெரிந்துகொண்டேன்.

அத்தை மகன் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. அமைதியான மனிதர். வயலில் புதிதாக ஆயில் இன்ஜின் வைத்திருந்தார், அதைப் பற்றிப் பேசினால் முகம் மலரும். ஆனால் எனக்குப் பரீட்சை சித்திரையில். தையில் கல்யாணம் என்றால் பி.ஏ. அவ்வளவுதான். படித்து முடித்து, வாத்தியார் வேலைக்குப் போய், என் பெயருக்கு நேராக நானே கையெழுத்துப் போடுகிற ஒரு வாழ்க்கை எனக்கு வேண்டியிருந்தது. அதை யாரிடமும் சொன்னதில்லை, யாரும் கேட்டதும் இல்லை. மெர்ஜர் என்று கரும்பலகையில் எழுதியதைப் பார்த்தபோது வராத பயம் அன்றைக்கு வந்தது. வல்லத்திராக்கோட்டையில் நான் கத்திரிக்காயா முருங்கைக்காயா என்று யாரும் தேடப் போவதில்லை.

அத்தையைப் பஸ் ஏற்றிவிட்டு அப்பா திரும்பி வந்தார். நான் வாசலிலேயே நின்றேன்.

"அப்பா, ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

அவர் முகம் பளிச்சென்றது. தன் விஷயத்தைத்தான் நான் பேச வருகிறேன் என்று நினைத்துவிட்டார். "யாரு, டில்லிக்காரனா? எங்க கேட்டான்?" என்றார்.

"டில்லிக்காரன் இல்லைப்பா. நீங்க. என்னை."

அம்மா உள்ளேயிருந்து, "வாயை மூடுடி" என்றாள். அப்பா செருப்பைக் கழற்றாமல் நின்றார். "இது அந்த மாதிரி இல்லம்மா. இது உரிமை" என்றார். எனக்குக் கோபம் தலைக்கேறியது. "மகாராஜாகிட்ட டில்லிக்காரங்களும் அப்படித்தான் சொல்லியிருப்பாங்க" என்றேன். எங்கள் வீட்டில் அதைவிடப் பெரிய வசவு கிடையாது. அப்பா கழற்றாத செருப்போடு அப்படியே திரும்பிக் குளத்தங்கரைப் பக்கம் போய்விட்டார்.

அதற்குப் பிறகு அவர் என்னோடு பேசவில்லை. இன்றைக்கு அமெரிக்காவில் என்ன ஆயிற்று என்றும் விசாரிக்கவில்லை. கார்த்திகையில் நாள் குறித்தாகிவிட்டது, பந்திக்கு ஆளும் சொல்லியாகிவிட்டது. அவர் வாய் திறக்காததால் காரியம் நடக்கும் என்றே நானும் அம்மாவும் நினைத்தோம்.

அந்த நாளும் வந்தது. அத்தை, மாமா, மாமாவின் பங்காளிகள், எங்கள் பக்கத்து ஆண்கள் எல்லாரும் கூடத்தில் ஜமுக்காளத்தில் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் தாம்பாளத்தில் வெற்றிலை, பாக்கு, பழம், பூ, புடவை. நான் உள்ளறைக் கதவோரம் நின்றேன். மாமா தாம்பாளத்தை எடுத்து நீட்டினார். அப்பா கையை நீட்டவில்லை. "ஒரு நிமிஷம் இருங்க மாப்பிள்ளை" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, எல்லாருக்கும் கேட்கும்படி, "அம்மா, ஒனக்குச் சம்மதமா?" என்றார்.

இதற்காக நான் மனசுக்குள் இங்கிலீஷிலும் தமிழிலும் பெரிய பிரசங்கமே தயார் செய்து வைத்திருந்தேன். பரீட்சை, வேலை, மனித உரிமை எல்லாம் அதில் இருந்தன. வாயில் வந்தது இரண்டு சொல்தான். "இல்லைங்கப்பா. வேண்டாம்."

மாமா தாம்பாளத்தைக் கீழே வைத்தார். "பொட்டப்புள்ளையைக் கேட்டுத்தான் ஒறவு வைக்கணும்னா, அந்த ஒறவு எங்களுக்கு வேண்டாம்" என்று எழுந்தார். பங்காளிகள் எழுந்தார்கள். அத்தை மகன் மட்டும் ஒரு தரம் என்னைப் பார்த்தார். கோபமாக இல்லை, ஏதோ கணக்குத் தப்பிப்போனவர் மாதிரி. அத்தை கத்துவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் ஒரு சொல்கூடச் சொல்லவில்லை. அண்ணன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு புடவையை மட்டும் எடுத்துக்கொண்டு போனாள். யாரும் கை நனைக்கவில்லை. ஊருக்கெல்லாம் வடித்த சோறு அப்படியே இருந்தது.

அப்பா என்ன எதிர்பார்த்துக் கேட்டார் என்று எனக்குத் தெரியாது. கேட்டதற்காகவே நான் சரி என்று சொல்லிவிடுவேன் என்று நினைத்திருக்கலாம். ஆனால் அதைப் பற்றி ஒருநாளும் என்னைக் குறை சொன்னதில்லை. அம்மா சொன்னாள், நாள்தோறும், பாத்திரங்களின் மூலமாகவும் சொன்னாள். அவளிடம் அப்பா, "கேட்டேன், சொல்லிருச்சு. விடு" என்பார். ஒன்று மட்டும் நடந்தது. 'ஒரு வார்த்தை கேட்டானா' என்ற பேச்சு அதோடு எங்கள் வீட்டில் நின்றுவிட்டது. திருச்சியிலிருந்து எவ்வளவு மோசமான உத்தரவு வந்தாலும் பேசாமல் சாப்பிட்டார். சும்மா சொல்லக்கூடாது, எனக்கு அந்தப் புலம்பல் இல்லாமல் வீடு வெறிச்சென்று இருந்தது.

கல்லூரியில் ரோட் ஐலண்ட் கதையின் மிச்சத்தை அதற்குப் பிறகுதான் சொன்னார்கள். மாட்டேன் என்று நின்ற அந்தச் சின்ன ஸ்டேட்டை மற்றவர்கள் வெளிநாடாக நடத்தக் கிளம்பினார்கள். அங்கிருந்து வருகிற சரக்குக்கு வரி போடப் போகிறோம் என்றார்கள். கடைசியில் அது இரண்டே ஓட்டு வித்தியாசத்தில் சம்மதித்து உள்ளே வந்தது. மறுப்பதற்கு உரிமை உண்டு, மறுத்தவனோடு கொடுக்கல் வாங்கலை நிறுத்த மற்றவனுக்கும் உரிமை உண்டு என்றார் விரிவுரையாளர். நான் எழுதிக்கொண்டேன். இதை வீட்டில் சொல்லவில்லை. சொல்வதற்கு அவசியமே இல்லை, வீட்டில் அது நடந்துகொண்டிருந்தது.

அந்தப் பொங்கலுக்கு அப்பா வழக்கம்போலத் தங்கைக்குச் சீர் கொண்டுபோனார். கரும்பு, மஞ்சள் கொத்து, பச்சரிசி, வெல்லம், புதுப்பானை. அண்ணன் இருக்கிறவரை தங்கைக்குச் செய்தாக வேண்டியது. அத்தை வெளியே வரவில்லை. வாசலில் வைத்துவிட்டு வந்தார். மறுநாள் அந்த ஊர் ஆள் ஒருவர் அதை அப்படியே கொண்டுவந்து எங்கள் வாசலில் வைத்துவிட்டுப் போனார். அடுத்த வருஷமும் அப்படித்தான், அதற்கடுத்த வருஷமும். அத்தை மகன் கல்யாணத்துக்கு எங்களுக்குச் சொல்லவில்லை. தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். அத்தையின் சதை ஆடினதாகத் தெரியவில்லை.

நான் பி.ஏ. தேறினேன். பி.டி. என்ற வாத்தியார் படிப்பையும் முடித்து அன்னவாசல் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். அந்தச் சமயத்தில்தான் அங்கே பஞ்சாயத்து யூனியன் வந்தது. 'யூனியனுக்குப் போய்ட்டு வாரேன்' என்று ஜனங்கள் கிணற்றுக்கு மனுக் கொடுக்கப் போவார்கள். அந்தச் சொல்லைக் கேட்டு நான் மட்டும் தனியாகச் சிரித்துக்கொள்வேன். எனக்குக் கல்யாணமும் ஆயிற்று, என்னைக் கேட்டுத்தான். அது வேறு கதை.

அறுபதுகளின் நடுவில் அத்தை வீட்டு மாமா இறந்துபோனார். சாவுக்கு யாரும் யாரையும் தடுக்க முடியாது, அப்பா போய்வந்தார். அத்தை அவரோடு பேசவில்லை. அடுத்த பொங்கலுக்கு அப்பாவுக்குத் தனியாகச் சுமந்து போக முடியவில்லை, ரிட்டயர் ஆகி மூட்டுவலியும் வந்திருந்தது. நான் கூடப் போனேன். பஸ்ஸில் கரும்பை நிறுத்தி வைக்க இடமில்லாமல் கண்டக்டரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டோம்.

அத்தை வாசலில் உட்கார்ந்து கடலை உடைத்துக்கொண்டிருந்தாள். வெள்ளைப் புடவை. ஆகிருதி பாதியாகியிருந்தது. எங்களைப் பார்த்ததும் உள்ளே போய்விடுவாள் என்று நினைத்தேன், போகவில்லை. அப்பா கரும்பைச் சுவரில் சாய்த்தார். பானையைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

"இன்னும் என்ன கோவம் ஆத்தா? மாப்பிள்ளையும் போய்ச் சேந்துட்டாரு. புள்ளைக்கு இஷ்டமில்லைன்னு சொல்லுச்சு. அதுக்கு நான் என்ன செய்வேன்?"

அத்தை என்னைப் பார்த்தாள், பிறகு அவரை. "அவ வேண்டாம்னதுக்கா நான் இத்தனை வருசம் பேசலைன்னு நெனச்சீங்க?"

"பின்னே?"

"சபையில வச்சு அவளைக் கேட்டீங்கள்ல, சம்மதமாம்மான்னு. பொம்பளப்புள்ளைய அப்படியும் கேக்கலாம்னு அன்னைக்குத்தாண்ணே எனக்குத் தெரிஞ்சுச்சு. ஒங்களுக்கு அது வாயில வரும்னும் அன்னைக்குத்தான் தெரிஞ்சுச்சு. அப்பா செத்துப்போனப்புறம் என்னை இந்த வீட்டுக்குக் குடுத்தது யாரு? நீங்கதானே? அன்னைக்கும் இப்படித்தானே தாம்பாளம் இருந்துச்சு. நானும் கதவுக்குப் பின்னாடிதானே நின்னேன்."

அப்பா பானையைக் கீழே வைக்க இடம் தேடினார். மகாராஜாவுக்காகவும் எனக்காகவும் ரோட்டுத்தீவுக்காகவும் நியாயம் பேசிய எங்கள் வீட்டில், ஒருநாளும் யாருக்கும் இவளைப் பற்றித் தோன்றவில்லை.

அப்பா கேட்டார். "அப்ப... ஒனக்கு இஷ்டமில்லாமத்தான் வந்தியா ஆத்தா?"

அத்தை கையிலிருந்த கடலையை உடைத்தாள். பருப்பைத் தனியாக, தொலியைத் தனியாகப் போட்டாள்.

"தெரியலைண்ணே. அப்பக் கேட்டிருந்தா தெரிஞ்சிருக்கும்."